எல்லாருக்கும் பின்னால் நடந்தவர்

தை மாதம் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து பழனிக்கு நடக்கக் கிளம்புவோம். மதியச் சாப்பாடு முடிந்து வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் தேங்காய் உடைப்பார்கள். குருசாமி எல்லார் நெற்றியிலும் திருநீறு பூசுவார். மூட்டைகளை ஏற்றிய வேன் பாட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் நகரும். அரோகரா சத்தத்தோடு பச்சைச் சேலைகளும் பச்சை வேட்டிகளும் தெருமுனை திரும்பும். மதினி மட்டும் கோயில் வாசலிலேயே நிற்பார். புதிதாகப் பார்ப்பவர்கள் அவரை வழியனுப்ப வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். கழுத்தில் மாலை இருக்கும், தோளில் துணிப்பை இருக்கும், கால் மட்டும் நகராது. குழாயடியில் யாராவது கால் கழுவிக்கொண்டு நிற்கிறார்களா, பிள்ளையிடம் சொல்லிக்கொள்ள முடியாமல் யாராவது தயங்கி நிற்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பார். கடைசி ஆளும் திரும்பிய பிறகு பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடக்க ஆரம்பிப்பார்.

“வாங்க மதினி, சேந்து போவோம்” என்று முதல் வருடம் நான் கூப்பிட்டேன்.

“நீ முன்னாடி போத்தா. நான் வாரேன்” என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அதையே கேட்டிருக்கிறேன். அந்தக் குரலில் பணிவு இருந்தது என்று சொல்ல முடியாது. கதவை மெதுவாகச் சாத்துகிற மாதிரி இருக்கும்.

அவர் எனக்குச் சொந்தம் இல்லை. காரைக்குடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த காம்பவுண்டில் எதிர் வீடு. அவர் கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். காம்பவுண்டில் எல்லாரும் அவரை அண்ணே என்போம், அதனால் இவர் மதினி. நான் கல்யாணமாகி அங்கே வந்த கொஞ்ச நாளிலேயே அண்ணன் இறந்துவிட்டார். பழனிக்கு நடந்து போன வழியில், நத்தம் தாண்டி, நெஞ்சுவலி. அவர் போன பிறகும் மதினி என்ற முறை மட்டும் தங்கிவிட்டது. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கடையில் கூப்பிடும்போதுதான் அது காதில் விழும்.

மதினி ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தார். காலையிலிருந்து கடை அடைக்கும்வரை நின்றே பார்க்கிற வேலை. ஒரு பொங்கலுக்கு முன்னால் சேலை எடுக்க அந்தக் கடைக்குப் போயிருந்தேன். நான் பார்த்ததற்கு இரண்டு மடங்கு சேலைகளை எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டம் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போயிருந்தது. மேசையே தெரியவில்லை. அவரோடு வேலை பார்த்த பெண்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க போங்கத்தா, பஸ்சு போயிரும்” என்றார் மதினி அவர்களிடம். அவர்களும் பழகியவர்களாக ஒரு வார்த்தை மறுக்காமல் போனார்கள். மதினி ஒவ்வொரு சேலையாக எடுத்து, முந்தியைப் பிடித்து உதறி, நெஞ்சில் வைத்து மடித்து அடுக்கினார். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது அவருடைய பஸ்ஸும் போய்விட்டது. நான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

“ஏன் மதினி, அந்தப் புள்ளைகளையும் நிக்கச் சொல்ல வேண்டியதுதானே? சேந்து மடிச்சா வெரசா முடியும்ல.”

“அவுகளுக்கு வீட்டுல ஆள் இருக்கு” என்றார் பின்னாலிருந்து. ஸ்கூட்டர் சத்தத்தில் வேறு ஏதாவது சொன்னாரா என்று தெரியாது.

மகள் கல்யாணத்திலும் அப்படித்தான். போட்டோக்காரர் மணமேடையிலிருந்து கூப்பிட்டபோதெல்லாம், “மத்தவுகளை எடுத்துருங்க, நான் எங்க போயிரப் போறேன்” என்றார். பந்தியில் கடைசி இலை வரைக்கும் நின்று பார்த்தார். ஆல்பம் வந்த அன்று நாங்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம். மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் இருந்தார்கள். பெண்ணைப் பெற்றவர் ஒரு படத்தில்கூட இல்லை. ஒரு படத்தில் தூணுக்குப் பின்னால் அவர் சேலையின் ஓரம் தெரிந்தது. அதை மகள்தான் கண்டுபிடித்தாள். சிரித்துக்கொண்டே காட்டியவள் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பாதயாத்திரைக் குழுவில் அவருக்கு ‘கார்டு பெட்டி’ என்று பெயர். ரயிலின் கடைசிப் பெட்டி. முகத்துக்கு நேராகவும் சொல்வார்கள், அவரும் சிரித்துக்கொள்வார். குருசாமி டயர் கடை வைத்திருந்தவர், நல்ல மனிதர். “கடைசியில ஒரு பொறுப்பான ஆள் வர்றது நமக்கு நல்லதுதான்” என்பார். ஆனால் எல்லாருக்கும் அது பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். நடக்கும்போது நமக்குப் பின்னால் ஒருவர் வந்துகொண்டே இருப்பதும், நாம் நின்றால் அவரும் நிற்பதும், நடந்தால் நடப்பதும் ஒரு மாதிரி இருக்கும். “முதுகு குறுகுறுங்குது. பேசிக்கிட்டாவது வரலாம்ல” என்று ஒரு அக்கா என்னிடம் சலித்துக்கொண்டார்.

எனக்கும் அந்தக் குறுகுறுப்பு தெரியும். முதல் வருடம் நான் என் கணவருக்காக வேண்டிக்கொண்டு நடந்தேன். அவர் அப்போது குவைத்தில் இருந்தார். வேலையில் ஏதோ சிக்கல், பாஸ்போர்ட்டை முதலாளி கொடுக்கவில்லை. நல்லபடியாக ஊர் வந்து சேரட்டும் என்று மாலை போட்டேன். குன்றக்குடி தாண்டியதுமே இரண்டு குதிகாலிலும் கொப்புளம். மறுநாள் திருப்பத்தூர் தாண்டும்போது குழுவை விட்டு ரொம்பப் பின்தங்கிவிட்டேன். முன்னால் போனவர்களின் பாட்டுச் சத்தம் முதலில் தேய்ந்தது, அப்புறம் இல்லாமலே போனது. சாலையில் நானும் வெயிலும்தான். திரும்பிப் பார்த்தால் ஒரு கல்லெறி தூரத்தில் மதினி.

நான் சாலையோரம் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் வருவார், ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் அங்கேயே நின்றார். சேலை முந்தியைத் தலையில் போட்டுக்கொண்டு, வயல் பக்கம் பார்த்தபடி, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. “மதினி, இங்குட்டு வாங்களேன்” என்று கத்தினேன். பிறகுதான் வந்தார். பையிலிருந்து தேங்காய் எண்ணெயும் பழைய துணியும் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி பழைய இடத்துக்கே போய் நின்றார். சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் நடந்தோம். அவர் என்னை ஒருமுறையும் அவசரப்படுத்தவில்லை. தங்கும் இடத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது சாப்பாடு ஆறியிருந்தது. அவர் வந்தபோது முடிந்தே போயிருந்தது. இரண்டு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பழனி மலையிலும் அவர் கடைசிதான். கீழே இறங்கி வந்தவரிடம், “நல்லாப் பாத்தீகளா மதினி?” என்று கேட்டேன்.

“பாத்தேன், பாத்தேன். எல்லாருக்கும் பின்னாடி நின்னேனா, சாமியோட கிரீடம் தெரிஞ்சுச்சு. அது போதும்.”

இதையெல்லாம் நான் அவருடைய சுபாவம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். சிலர் அப்படிப் பிறப்பார்கள் இல்லையா. அது சுபாவம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ நடந்தபோது. நத்தம் தாண்டி ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் மத்தியான வெயிலுக்கு ஒதுங்கியிருந்தோம். மற்றவர்கள் படுத்துக் கிடந்தார்கள். மதினி தூணில் சாய்ந்து உட்கார்ந்து பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் படுத்திருந்த நான் பேச்சுக்காக, “அண்ணனுக்கு இந்தப் பக்கந்தானே மதினி உடம்புக்கு முடியாமப் போச்சு?” என்று கேட்டேன்.

“இன்னும் போகணும்” என்றார். கொஞ்ச நேரம் பாதத்தையே தேய்த்தார். பிறகு அவராகவே பேசினார்.

“அவுகளுக்கு நாலு பேரு இருந்தாப் போதும், கேலி பேச ஆரம்பிச்சுருவாக. அன்னைக்கும் இப்படித்தான் மத்தியானம் சாப்புட்டு உக்காந்திருந்தோம். ‘இவளைக் கடையில எதுக்கு வச்சிருக்கானுகன்னு நெனைக்கிறீக? சேலை கட்டிவிட பொம்மை வாங்குனாச் செலவு, இவ சும்மா நின்னாப் போதும்’னாக. எல்லாரும் சிரிச்சாக. எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. நாளெல்லாம் நின்னு காலு வீங்கி வாரவளுக்கு எப்படி இருக்கும். ஒண்ணும் பேசாம எந்திரிச்சு வெறுவெறுன்னு நடந்துட்டேன்.”

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

“பின்னாடியேதான் வந்தாக. ‘ஏய், செத்த நில்லு’ன்னு கூப்புட்டாக. காதுல விழுந்துச்சு. விழாத மாதிரி நடந்தேன். மறுபடி கூப்புட்டாக. சரி, இன்னொரு தடவை கூப்புடட்டும், நிப்போம்னு இருந்தேன்.”

எண்ணெய்ச் சீசாவை மூடினார்.

“கூப்புடலை.”

அதன் பிறகு நடந்ததைச் சாதாரணமாகச் சொன்னார். கோபத்திலேயே அடுத்த தங்கலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். கோபம் ஆறியதும் அண்ணனுக்குப் படுக்க இடம் பிடித்து, துண்டை விரித்துப் போட்டு, காபி வாங்கி மூடி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறார். குழு இன்னும் மத்தியான ஓய்வில் இருந்தபோதே, வேறு ஊர்க் குழுவினர்தான் அண்ணனைச் சாலையோரத்தில் பார்த்து, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போகும்போதே உயிர் இல்லை.

“நெஞ்சு வலிச்சுக் கூப்புட்டாகளோ, சும்மா சமாதானத்துக்குக் கூப்புட்டாகளோ, தெரியலை” என்றார். “எது எப்படியோ. இனிமே எனக்குப் பின்னாடி ஒரு ஆளை விட்டுட்டு நடக்க என்னால ஆகாதுத்தா.”

குருசாமி கைதட்டி எல்லாரையும் எழுப்பினார். மதினி எழுந்து முந்தியை உதறிக்கொண்டு வராந்தாவின் ஓரத்துக்குப் போய் நின்றார், மற்றவர்கள் கிளம்பட்டும் என்று. நான் அவரைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. “வாரேன் மதினி” என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

மதினியை எங்கள் தெரு வெறுக்க ஆரம்பித்தது அதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்குப் பிறகு.

எங்கள் தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு குடும்பம் உண்டு. குழுவின் வேனும் முதல் நாள் அன்னதானமும் அவர்கள் பொறுப்பு. அந்த வீட்டம்மாளின் மருமகளுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்களாகியும் குழந்தை இல்லை. அந்தத் தையில் மருமகளுக்கு மாலை போட்டு அழைத்துக்கொண்டு வந்தார் மாமியார். ஒல்லியான பெண். அதிகம் பேச மாட்டாள். மாமியார் முன்வரிசையில் பாட்டுப் பாடிக்கொண்டு போனால் இவள் நடுவில் எங்கேயாவது குனிந்த தலையோடு வருவாள். வழியில் யாரைப் பார்த்தாலும் மாமியார் அவளை இழுத்து முன்னால் நிறுத்தி, “புள்ளை வரத்துக்கு நடக்குறா, ஆசீர்வாதம் பண்ணுங்க” என்பார்.

சிங்கம்புணரி தாண்டி நத்தம் போகிற சாலையில் அவளைக் காணோம். தங்கலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கவனித்தோம். மதினியும் வரவில்லை. மதினி பின்னால் வருவது வழக்கம் என்பதால் முதலில் யாரும் பதறவில்லை. நேரம் ஆக ஆக மாமியார் சத்தம் போட ஆரம்பித்தார். மருமகளின் போன் அணைந்திருந்தது. குருசாமி வேனை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வெறும் வேனோடு வந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் என் போன் அடித்தது. மதினி.

“புள்ளையை அதோட அம்மாக்கிட்ட கொண்டாந்து விட்டுட்டேன். காளையார்கோவில் பக்கம். தேட வேணாம்னு அவுககிட்ட சொல்லிரு.”

“என்ன மதினி சொல்லுறீக? ஏன்? என்ன ஆச்சு?”

“அதுக்கு நடக்க முடியலை” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் அதை எழுந்து நின்று எல்லாருக்கும் சொன்னேன். மாமியார் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் பேசினார். புருஷனைத் தின்றவள், குடும்பத்தைப் பிரிக்கவே கூட வந்தவள் என்றார்.

நாங்கள் பழனிக்குப் போய், சாமி பார்த்து, பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டோம். அதற்கு மறுநாள் சாயங்காலம் மதினி வந்தார். கையில் பஞ்சாமிர்த டப்பா.

“எங்க மதினி போனீக இத்தனை நாளா?”

“பழனிக்குத்தான். புள்ளையை விட்டுட்டு பஸ்சுல திரும்பிப் போயி, நாங்க உக்காந்திருந்த புளிய மரத்தடியில எறங்குனேன். விட்ட எடத்துலேர்ந்துதானே நடக்கணும்.”

“தனியாவா?”

“ஒருநாள் பிந்தி நடந்தா நம்ம ஆளுக யாரு இருப்பா? தனியாத்தான்.”

அவர் அன்றைக்கு டப்பாவோடு காம்பவுண்டில் வீடு வீடாகப் போனார். இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. இரும்புக்கடை அம்மாள் காம்பவுண்டு வாசலுக்கே வந்து நின்று திட்டிவிட்டுப் போனார். மதினி வாசற்படியில் நின்று கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டார். உள்ளே போகவில்லை.

எனக்கே தாங்கவில்லை. “ஒரு போனைப் போட்டு மாமியாகிட்ட சொல்லியிருக்கலாம்ல மதினி. உங்க தலையில இதெல்லாம் ஏன் விழணும்?”

“சொன்னா அந்தம்மா திரும்பி வந்திருக்கும். புள்ளை பயந்துக்கிட்டு எந்திரிச்சு நடந்திருக்கும்” என்றார்.

மீதியை அந்தப் பெண்ணே எனக்குச் சொன்னாள், ரொம்ப நாள் கழித்து. சிவகங்கை பஸ் நிலையத்தில் அவளாக வந்து என் கையைப் பிடித்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். விவாகரத்து முடிந்துவிட்டது. முதல் கேள்வியே, “மதினி எப்படி இருக்காகக்கா?” என்பதுதான்.

அன்றைக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவளுக்குத் தூரமாகிவிட்டது, மாதவிலக்கு. மாலையோடு நடக்கக் கூடாது. அதைவிட, இந்த மாதமும் இல்லை என்பது சாலையில் வைத்தே எல்லாருக்கும் தெரிந்துவிடும். மாமியாரிடம் போய்ச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. புளிய மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“ஒவ்வொரு லாரியாப் பாத்துக்கிட்டு இருந்தேங்க்கா. என்ன நெனைச்சுப் பாத்தேன்னு உங்ககிட்ட சொல்ல வேணாம்” என்றாள். “அப்பத்தான் மதினி வந்தாக. எதுவும் கேக்கலை. நான் சாலை ஓரத்துல இருந்தேன். வந்து எனக்கும் சாலைக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டாக. தண்ணி குடுத்தாக. மாத்துச் சேலை குடுத்தாக. ரொம்ப நேரம் கழிச்சு, ‘எங்குட்டுப் போகணும்?’னு மட்டும் கேட்டாக. கல்யாணமாகி அத்தனை வருசத்துல என்னைய அப்படி ஒருத்தரும் கேட்டதில்லைக்கா. எங்க அம்மா வீட்டுக்குன்னேன். பஸ்சை நிப்பாட்டிட்டாக.”

இதை மதினியிடம் நான் போனில் சொன்னேன். அவர் அப்போது ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார், இப்போதும் அங்கேதான் இருக்கிறார். “அப்படியா, நல்லா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டார். பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை. அங்கே நடக்கப் போவதுண்டா என்று கேட்டேன். “காலையில பார்க்குக்குப் போறேன். இந்த ஊருல எல்லாரும் வெரசா நடக்குறாக. எனக்கு ரொம்ப வசதியாப் போச்சு” என்றார். நாங்கள் இரண்டு பேருமே சிரித்தோம். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை, அப்புறம் அது வேறு எதுவாகவோ ஆகிவிட்டது.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அவர் ஊரைவிட்டுப் போவதற்கு முந்தைய தை மாதத்தைப் பற்றி.

அந்த மார்கழியில் குருசாமி மதினியின் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. “தப்பா எடுத்துக்காதீகம்மா. இந்த வருசம் நீங்க வேற குழுவோட போய்க்கங்க. வேனு இரும்புக்கடைக்காரவுக வேனு. எனக்குச் சங்கடமா இருக்கு” என்றார். அவருக்கு உண்மையிலேயே சங்கடமாகத்தான் இருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

“சரிங்கண்ணே. காபி குடிச்சுட்டுப் போங்க” என்றார் மதினி.

எங்கள் குழு கிளம்பிய அன்று மதினி வழக்கம்போல ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனார். நான் அந்த வருடம் போகவில்லை, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மதினி பச்சைச் சேலையில், கழுத்தில் மாலையோடு, பையை மாட்டிக்கொண்டு பூட்டைப் பூட்டினார். கொப்புடைய அம்மன் கோயிலில் தானாகவே மாலை போட்டுக்கொண்டாராம். காம்பவுண்டில் மற்றவர்கள் பார்க்காத மாதிரி அவரவர் வேலையைப் பார்த்தார்கள். வழியனுப்பத் தேங்காய் இல்லை, திருநீறு பூச ஆளில்லை. நான் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் வீட்டு முருகன் படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்றை எடுத்துவந்து நீட்டினேன். அவரே ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கொண்டார்.

“நான் ரோடு வரைக்கும் வாரேன் மதினி.”

வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு நடந்தேன். சேர்ந்து நடக்கலாம் என்று நான் வேகத்தைக் குறைக்கக் குறைக்க அவரும் குறைத்தார். கடைசியில் நான் முன்னாலும் அவர் பின்னாலுமாகத்தான் குன்றக்குடிச் சாலைக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே சாலையோரம் ஒரு வேப்ப மரத்தடியில் பையை இறக்கி வைத்து நின்றுவிட்டார். யாருக்காக நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரிய ஒலிபெருக்கியோடு ஒரு குழு வந்தது. புதுவயல் பக்கத்து ஆட்கள். அது கடந்து போனது. மதினி அசையவில்லை. பிறகு வேகமாக நடக்கிற இளவட்டங்கள், அரைக்கால் சட்டையும் பச்சைத் துண்டுமாகப் போனார்கள். அவர்களையும் விட்டுவிட்டார். அப்புறம் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழு, பெண்கள் அதிகம். முன்னால் ஒரு மயில் காவடி, நடுவில் பிள்ளைகள். எல்லாரும் போன பிறகு வெகுதூரம் தள்ளி ஒரு வயதான அம்மாள் தனியாக வந்தார். கணுக்காலில் துணி சுற்றியிருந்தது. ஒரு காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். முன்னால் போனவர்கள் அதற்குள் வளைவில் மறைந்துவிட்டார்கள்.

மதினி பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“மதினி, அவுக யாருன்னே உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாதுதான்” என்றார். “நீ வண்டியை எடுத்துக்கிட்டு கெளம்புத்தா. வெயில் ஏறப் போகுது.”

“நீங்க முதல்ல போங்க. நீங்க போறதைப் பாத்துட்டுப் போறேன்.”

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். நான் ஸ்டாண்டு போட்டு நின்றுகொண்டேன், நகரவில்லை. வேறு வழி இல்லாமல் அவர்தான் முதலில் கிளம்பினார்.

அந்த அம்மாள் அதற்குள் நல்ல தூரம் போயிருந்தார். மதினி அதே தூரத்தை விடாமல் பின்னால் நடந்தார். அந்த அம்மாளுக்கு முதுகில் என்னவோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், நின்று திரும்பிப் பார்த்தார். மதினியும் நின்றார். இரண்டு பேரும் சாலையில் அப்படியே நின்றார்கள், பக்கத்தில் ஒரு பஸ் போனது. அந்த அம்மாள் கையை நீட்டி வா வா என்று கூப்பிட்டார். மதினி கையை அசைத்து, நீங்க போங்க என்றார். குரல் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மாள் நடக்க ஆரம்பித்தார். நாலடி நடந்ததும் திரும்பிப் பார்த்தார். மறுபடி நாலடி, மறுபடி திரும்பினார். காலைத் தேய்த்துக்கொண்டு, வலியோடு, முன்பின் தெரியாத ஒருத்தி பின்னால் வருகிறாளா என்று பார்த்துப் பார்த்துப் போனார். சாலை வளைந்து இரண்டு பேரும் மறைகிற வரைக்கும் அவர் அப்படித் திரும்பிக்கொண்டேதான் இருந்தார்.